பார்க்க முடியாத பிள்ளைக்கு அனிமேஷனை எப்படி நடத்துவது? அறிவியல் ஆசிரியர் பயிற்சியை வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கும் பயிற்சிக் கட்டகம் எழுதும் பாட வல்லுநர்களுக்கும்,

இந்தக் கல்வியாண்டின் அறிவியல் ஆசிரியர் பணியிடைப் பயிற்சிக்கான நிரல் கைக்கு வந்தது. ஸ்மார்ட் போர்டைக் கையாளுவது, சிமுலேஷன் (திரையிலேயே அளவுகளை மாற்றிப் பார்க்கும் மாதிரிச் சோதனை) காட்டுவது, க்யூஆர் கோடு வழியாகக் காணொளியைத் திறப்பது, இணையவழி வினாடி வினா தயாரிப்பது, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பாடக்குறிப்பு எழுதுவது என்று எல்லாம் இருக்கிறது. போன முறை, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளையும் மற்றவர்களோடு சேர்த்தே கற்பிக்கும் 'உள்ளடக்கிய கல்வி' என்ற பெயரில் தேநீர் இடைவேளைக்கு முன்னால் ஒரு சின்ன அமர்வு இருந்தது. 21 வகைக் குறைபாடுகளின் பெயர்களைத் திரையில் ஓடவிட்டு, "நாம் எல்லோரையும் அன்போடு நடத்த வேண்டும்" என்று சொல்லி முடித்தார்கள். இந்த முறை அதையும் எடுத்துவிட்டீர்கள். ஏன் என்று கேட்டேன். "அதுக்குச் சிறப்புப் பயிற்றுநர்களுக்குத் தனியா பயிற்சி நடக்குது சார். பாட ஆசிரியர்களுக்குத் தேவையில்லை" என்று பதில் வந்தது.

அந்த 'தேவையில்லை' என்ற முடிவை ஏற்க முடியாததால்தான் இந்த மடல்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். பார்வையில்லாத ஒரு மாணவி, இரண்டு காதிலும் கருவி மாட்டிய ஒரு மாணவன், மூளை முடக்குவாதத்தால் கையும் காலும் சொன்னபடி கேட்காத இன்னொரு மாணவன் என்று மூன்று பேர் என் வகுப்புகளில் இருக்கிறார்கள். மூவரும் வீட்டில் முடங்காமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு நடந்தும் அவர்கள் சைக்கிளில் உட்கார்ந்தும் பள்ளிக்கு வருகிறார்கள். அது பெரிய விஷயம். அதற்காக உழைத்தவர்கள் பலர், அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் பள்ளிக்கு வந்த பிறகு அறிவியல் பாடவேளையில் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று உங்களில் யாராவது பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று விளக்கை அணைத்து ஜன்னலைச் சாத்துகிறோம். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். காது கேளாத பையன் பாதிப் பாடத்தை என் உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்கிறான். கருவி மாட்டியிருக்கிறானே என்று நினைக்காதீர்கள். அந்தக் கருவி என் குரலை மட்டும் பெரிதாக்கவில்லை. ஃபேன் சத்தம், பெஞ்சு இழுக்கும் சத்தம், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு எல்லாவற்றையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. அறை இருட்டானால் உதடும் போச்சு. அதோடு, "பலகை பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே விளக்குங்கள், நேரம் மிச்சமாகும்" என்பது பயிற்சி நடத்தும் கருத்தாளர் தரும் இன்னொரு குறிப்பு. மற்ற பிள்ளைகளுக்கு அது நேரத்தை மிச்சமாக்கலாம். இவனுக்குத் தெரிவதெல்லாம் என் முதுகுதான். காணொளியின் அடியில் பேச்சுக்குரிய வாசகம் ஓடினாலாவது படித்துக்கொள்வான், நன்றாகவே படிப்பான். நமக்குக் கொடுத்திருக்கும் காணொளிகளில் நான் வகுப்பில் போட்டவற்றில் தமிழ் வாசகத்தோடு வந்தவை மிகக் குறைவு. சிலவற்றில் விளக்கமே கிடையாது. பின்னணி இசை மட்டும் ஓட, அம்புக்குறிகள் வந்து போகும். அது பார்வையில்லாத மாணவிக்குப் பாட்டுக் கச்சேரி.

அவளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பாடநூலில் பல அலகுகளின் முடிவில் 'இணையச் செயல்பாடு' இருக்கிறது. அவற்றில் பல, அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் நடத்தும் ஃபெட் தளத்தின் சிமுலேஷன்கள். இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது, இலவசம், நல்ல சரக்கு. ஓம் விதிக்கான சிமுலேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தத்தை ஏற்றினால் சமன்பாட்டில் அதற்குரிய எழுத்து வீங்கும், மின்னோட்டத்தின் எழுத்தும் கூடவே வீங்கும். மின்தடையை ஏற்றினால் மின்னோட்டத்தின் எழுத்து சுருங்கும். பிள்ளைகளுக்குச் சூத்திரம் கண்ணில் பதிந்துவிடும். நாம் அதைக் காட்டும்போது என்ன பேசுகிறோம்? "இங்க பாருங்க, இது பெரிசாகுது, இப்ப அதைக் குறைக்கிறேன், பாத்தீங்களா?" இந்த 'இது', 'அது', 'இங்க' மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பாடம் என்று ஒன்றுமே மிஞ்சாது.

எரிச்சல் எங்கே வருகிறது என்றால், அதே ஓம் விதி சிமுலேஷனைச் செய்தவர்கள் விசைப்பலகையால் மட்டுமே அதை இயக்கும் வழியைச் செய்து வைத்திருக்கிறார்கள். அளவு மாறும்போது ஒலியும் மாறும். திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள் இருந்தால் என்ன நடக்கிறது என்ற விவரிப்பையும் வாசிக்கும். நான் போட்டபோது அந்த விவரிப்பு ஆங்கிலத்தில்தான் வந்தது. அதனால் என்ன, பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிவிடலாமே. இந்த வசதிகள் எல்லா சிமுலேஷனிலும் கிடையாது. எதில் உண்டு என்று அந்தத் தளத்திலேயே வடிகட்டிப் பார்க்கலாம். எனக்குக் கொடுத்த எந்தப் பயிற்சியிலும் இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. சிமுலேஷனை முழுத்திரையாக்குவது எப்படி என்பதற்கு மட்டும் நீண்ட நேரம் போனது.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தும் பார்வையற்ற ஆசிரியர். அவர் தன் மடிக்கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள், மைக்கேல் கர்ரனும் ஜேம்ஸ் டேயும், 2006-இல் தொடங்கிய மென்பொருள். காசு கிடையாது, தமிழும் வாசிக்கும். அதை எங்கள் உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் போடலாம் என்று போனால், எதை நிறுவவும் கடவுச்சொல் கேட்கிறது. அந்தக் கடவுச்சொல் பள்ளியில் யாரிடமும் இல்லை. சரி, பென்டிரைவிலிருந்தே ஓடும் வடிவம் ஒன்று இருக்கிறதே என்றால், பென்டிரைவ் வழியும் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. வைரஸ் வந்துவிடுமாம். ஆய்வகம் மாடியில் என்பது தனிக் கதை. கை கால் வராத பையனை நண்பர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எட்டாம் வகுப்பு வரை சிரித்துக்கொண்டே போனான், இப்போது மீசை அரும்புகிற வயது, "நான் கீழயே இருக்கேன் சார்" என்கிறான்.

பயிற்சிக்குக் கொடுக்கும் குறிப்புகளும் வினாத்தாள் மாதிரிகளும் வேறு ஒரு கூத்து. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறியை (யூனிகோடு) தமிழ்நாடு அரசு தரநிலையாக ஏற்றது 2010-இல். இன்னும் எனக்கு வரும் கோப்புகளில் பாதி பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. கண்ணால் பார்த்தால் தமிழ்தான். திரைவாசிப்பானுக்கு அது தமிழே இல்லை. அடியில் கிடக்கும் ஆங்கில எழுத்துகளைத்தான் அது பார்க்கும். 'அம்மா' என்று பாமினியில் அடித்திருந்தால் "எம், கே, செமிகோலன், கே, ஹெச்" என்று வாசிக்கும். ஒளிச்சேர்க்கை பற்றி ஒரு பக்கம் முழுக்க அப்படிக் கேட்க வேண்டிய பிள்ளையை நினைத்துப் பாருங்கள். இதைச் சரிசெய்யக் கோடிகள் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

வினாடி வினாவையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் கணினி வழியாக நடத்தும் மதிப்பீட்டில் என் மாணவிக்குப் பதிலாக அவள் தோழி கேள்வியைப் படித்துச் சொல்லி, அவள் சொன்ன விடையை அழுத்துகிறாள். "படத்தில் உள்ள கருவியின் பெயர் என்ன?" என்று ஒரு கேள்வி. படத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னால் விடையே வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் இவளுக்குக் கேள்வியே கிடையாது. தோழி தன் மனதுக்குத் தோன்றியதை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போகிறாள். கடைசியில் அறிக்கை வருகிறது, என் மாணவியின் பெயருக்கு நேராக ஒரு மதிப்பெண்ணோடு. அது யாருடைய மதிப்பெண்? அதை வைத்துத்தான் 'கற்றல் அடைவு' என்று மேலே கணக்கு போகிறது.

இனி 'சிறப்புப் பயிற்றுநர் பார்த்துக்கொள்வார்' என்ற பதிலுக்கு வருகிறேன்.

எங்கள் ஒன்றியத்தில் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநரை எனக்கு நன்றாகத் தெரியும். தொகுப்பூதியத்தில், சொந்த வண்டியில், பள்ளி பள்ளியாக அலைகிறவர். வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளையும் போய்ப் பார்க்கிறார்; அடையாள அட்டை முகாமுக்கும் அவர்தான், உதவி உபகரண முகாமுக்கும் அவர்தான். எங்கள் பள்ளிக்கு வருகிற நாளில் என் பாடவேளை இருந்தால் அது அதிர்ஷ்டம். சிறப்பு ஆசிரியர் ஒருவருக்குத் தொடக்க நிலையில் 10 பிள்ளைகள், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பிள்ளைகள் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் சொன்னது. அந்த விகிதத்துக்குப் பக்கத்தில்கூட நாம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பிரச்சினை தீராது என்பதுதான் நான் சொல்ல வருவது. அவருக்கு பிரெய்லி தெரியும், சைகை மொழி தெரியும். ஒளிவிலகலை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரிய வேண்டியவர் அவரல்ல, நான். குழி ஆடியில் கதிர்ப் படத்தை விரலால் தடவிப் புரிந்துகொள்ளும்படி செய்ய வேண்டுமென்றால் எந்தக் கோடு முக்கியம், எதை விட்டுவிடலாம் என்பது அறிவியல் முடிவு. அதை அவர் தலையில் கட்டுவது அவருக்கும் அநியாயம், பிள்ளைக்கும் அநியாயம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. சேர்ந்து உட்கார நீங்கள் இதுவரை நேரம் ஒதுக்கியதே இல்லை. அவர்களுக்கு ஒரு கூடத்தில் பயிற்சி, எங்களுக்கு வேறொரு கூடத்தில் பயிற்சி.

நான் சட்டம் பேசுகிற ஆள் இல்லை. 'தேவையில்லை' என்ற சொல் வந்துவிட்டதால் பேச வேண்டியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19 அன்று. அதன் 47-வது பிரிவு, பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்கான எல்லாக் கல்விப் படிப்புகளிலும் மாற்றுத்திறன் ஒரு கூறாக இருக்க வேண்டும் என்கிறது. சிறப்பு ஆசிரியர்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. 17-வது பிரிவு ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதையும், உள்ளடக்கிய கல்விக்குத் துணைநிற்கும் பணியாளர்களைப் பயிற்றுவிப்பதையும் அரசின் கடமைகளில் சேர்க்கிறது. ஒலி, அச்சு, மின்னணு வடிவில் வரும் உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும் வகையில் இருக்க வேண்டும் என்பது 42-வது பிரிவு. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் பிரக்யா பிரசூன் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-வது உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. அது வங்கிக் கணக்கு தொடங்குவது தொடர்பாக வந்த வழக்கு. கணக்கு தொடங்கும் திரைக்கு இது பொருந்தும், பத்தாம் வகுப்புப் பாடம் ஓடும் திரைக்குப் பொருந்தாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பி.எட். படிப்பில் உள்ளடக்கிய பள்ளி பற்றி ஒரு தாள் வந்துவிட்டதே என்பீர்கள். வந்திருக்கிறது. வரையறைகளும் ஆணையங்களின் பெயர்களும் ஆண்டுகளும் அதில் இருக்கின்றன. அதை எழுதித் தேறிவந்த இளம் ஆசிரியரிடம் திசைவேக–கால வரைபடத்தைக் கண் தெரியாத பிள்ளைக்குச் சொல்லச் சொன்னேன். "அது எப்படி சார் முடியும்?" என்றார். முடியும். "கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் திசைவேகம். கோடு மூலையிலிருந்து கிளம்புகிறது, ஐந்தாவது நொடி வரை ஒரே சாய்வில் ஏறுகிறது, அதன்பின் படுத்துவிடுகிறது." இதைச் சொல்லிவிட்டு, தடித்த தாளில் கோந்து தடவி நூலை ஒட்டிக் கையில் கொடுத்தால், சாய்வு என்றால் என்ன என்பது கண் தெரிந்த பிள்ளைகளைவிட அவளுக்குத்தான் முதலில் பிடிபடுகிறது. நூலைத் தடவிப் பார்க்க மற்ற பிள்ளைகளும் வரிசையில் வந்து நின்றார்கள். அன்றைக்குத்தான் எனக்கே வரைபடத்தை ஒழுங்காகச் சொல்ல வந்தது என்று நினைக்கிறேன்.

ஆய்வகத்திலும் இப்படித்தான். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். நடைமுறையில் இந்தப் பிள்ளைகளை ஓரமாக உட்கார வைக்கிறோம், மதிப்பெண்ணைப் போட்டுவிடுகிறோம். கருணை என்று அதற்குப் பெயர். ஆனால் அமிலமா காரமா என்று பார்க்க லிட்மஸ் தாள் ஒன்றுதான் வழி என்று எந்த அறிவியல் சொல்கிறது? வெங்காயமும் வெனிலாவும் கிராம்பு எண்ணெயும் காரத்தோடு சேர்ந்தால் வாசனை மாறும் என்பது என்சிஇஆர்டி-யின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. வெங்காயத்தை அரைத்துத் துணியில் தடவி, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு, கழுவி முகர்ந்து பார்ப்பது. கரைசலை விடுவதும் கழுவுவதும் ஆசிரியர் கையால், முகர்வது அவள். மின்சுற்று முழுமையானதா என்று அறிய பல்புக்குப் பதில் சத்தம் எழுப்பும் ஒரு பசர் போதும், மின்கடைகளில் கிடைக்கிறது. காது கேளாதவனுக்கு பல்பு, கண் தெரியாதவளுக்கு பசர், இரண்டையும் ஒரே சுற்றில் மாட்டினால் வகுப்பு முழுக்க ஒரே சோதனையைச் செய்யும். கை நடுங்கும் பையனுக்கு, விண்டோஸில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாலே போதும் என்று மாற்றிவிடும் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. பார்வை மங்கிய பிள்ளைக்கு, விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் திரை பெரிதாகும். தமிழில் பேசினால் எழுத்தாக்கும் வசதி சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே வந்துவிட்டது. கலைச்சொற்களில் தடுமாறும், ஆசிரியர் கூடவே பலகையில் எழுதிக்கொடுத்தால் சமாளிக்கலாம். இவையெல்லாம் அரை நாளில் சொல்லிக்கொடுக்கக்கூடியவை. நான் இவற்றை அங்கொன்றும் இங்கொன்றுமாக, தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தேன். ஓர் அரசுப் பயிற்சி கொடுக்க வேண்டியது இதைத்தான்.

'இப்படி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?' என்ற கேள்வியும் வரும், வந்திருக்கிறது. என் பள்ளியில் மூன்று பேர். அடையாள அட்டை இல்லாதவர்களைச் சேர்த்தால் கூடும்: சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பையன்கள், வாசிப்பில் திணறுகிறவர்கள், மின்னி மின்னி மறையும் காணொளியைப் பார்த்தால் வலிப்பு வந்துவிடுமோ என்று அம்மா பயப்படும் ஒரு பெண். ஆனால் எண்ணிக்கையைக் கேட்பதே சரியில்லை. அந்த ஒரு மாணவி பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு கேட்டால் நாம் என்ன சொல்லப்போகிறோம்? எனக்கு என்விடிஏ காட்டிக்கொடுத்த வரலாற்று ஆசிரியர் பத்தாவதில் அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். "லேப் எல்லாம் இருக்கு, உனக்கு எதுக்குப்பா?" என்று கலைப் பிரிவில் போட்டார்களாம். நம் அரசுப் பள்ளிகளில் தமிழும் வரலாறும் ஆங்கிலமும் நடத்தும் பார்வையற்ற ஆசிரியர்கள் எத்தனையோ பேர். இயற்பியல் நடத்துகிற ஒருவரையாவது எனக்குக் காட்டுங்கள். நான் சந்தித்ததில்லை. 2015-இல் சென்னையின் பெனோ செஃபைன் முழுப் பார்வையின்மையோடு இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேர்வானபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அவர் படித்தது ஆங்கில இலக்கியம். தில்லியின் பார்வையற்ற மாணவர் கார்த்திக் சாஹ்னி அறிவியல்தான் வேண்டும் என்று நின்றார். பதினோராம் வகுப்பில் அந்தப் பிரிவைப் பெறவே கல்வி வாரியத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 2013-இல் பன்னிரண்டாம் வகுப்பில் 96 சதவீதம் எடுத்தார். ஐஐடி நுழைவுத் தேர்வு எழுத வழியில்லாமல் போனது; அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. என் ஊர்ப் பெண்ணுக்கு ஸ்டான்ஃபோர்டு வராது. அவளுக்கு நீங்களும் நானும்தான்.

பணம் இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். திரைகளுக்குப் பணம் இருந்தது.

இனி என் கோரிக்கைகள்.

இந்த ஆண்டுப் பயிற்சி நிரலைத் திருத்துங்கள். தனியாக ஒரு 'விழிப்புணர்வு' அமர்வு வேண்டாம், அது திரும்பவும் தேநீர் இடைவேளைக்கு முன்னால்தான் போய் உட்காரும். சிமுலேஷன் அமர்வில் அதை விசைப்பலகையால் இயக்குவதும் வாயால் விவரிப்பதும், காணொளி அமர்வில் தமிழ் வாசகம் சேர்ப்பதும், வினாடி வினா அமர்வில் படத்துக்கு மாற்றுரை (படத்தைச் சொல்லால் விவரிக்கும் குறிப்பு) எழுதுவதும் அந்தந்த அமர்வின் பகுதியாகவே வரட்டும். பயிற்சி முடிவில் ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு பாடத்தைத் திரையை அணைத்துவிட்டு ஒரு முறையும், ஒலியை அணைத்துவிட்டு ஒரு முறையும் நடத்திக் காட்ட வேண்டும். இதைவிட நல்ல மதிப்பீடு எனக்குத் தோன்றவில்லை.

கருத்தாளர்களாக மாற்றுத்திறனாளி ஆசிரியர்களை அழையுங்கள். அவர்கள் நம் பள்ளிகளிலேயே இருக்கிறார்கள். பயிற்சி நாள்களைப் பணி நாள்களாகக் கருதி, மற்றக் கருத்தாளர்களுக்குத் தரும் மதிப்பூதியத்தையே அவர்களுக்கும் கொடுங்கள். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. பயிற்சிக் கட்டகத்தை எழுதும்போதே அங்கிருக்கும் வல்லுநர்களையும் உட்கார வையுங்கள்.

சிறப்புப் பயிற்றுநர்களையும் அறிவியல் ஆசிரியர்களையும் ஒரே கூடத்தில், ஒரே நாளில் பயிற்றுவியுங்கள். பிறகு மாதம் ஒரு பாடவேளையாவது இருவரும் சேர்ந்து திட்டமிட கால அட்டவணையில் இடம் ஒதுக்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால் எந்தத் தலைமை ஆசிரியரும் விடமாட்டார். ஆணையாக வர வேண்டும். சிறப்புப் பயிற்றுநர் பணியிடங்களை உச்ச நீதிமன்றம் சொன்ன விகிதத்துக்குக் கொண்டுவருவது எப்போது என்பதையும் தேதியோடு சொல்லுங்கள்.

தமிழ் வாசகமும் வாய்மொழி விளக்கமும் இல்லாத எந்தக் காணொளியையும் இனி வாங்கவோ வெளியிடவோ வேண்டாம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் காட்சிகள் கூடாது என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட இணைய அணுகல் விதி. அதையும் ஒப்பந்த நிபந்தனையில் சேருங்கள். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கான மின்-உள்ளடக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒன்றிய கல்வி அமைச்சகம் 2021-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. புதிதாகக் குழு அமைத்து ஆண்டுகளைக் கழிக்க வேண்டியதில்லை. இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதியில் 2021-லேயே 10,000 சொற்கள் சேர்ந்துவிட்டன. அதிலுள்ள அறிவியல் சொற்களுக்கு நம் பாடநூல் கலைச்சொற்களை இணைத்து ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுங்கள். எங்களுக்கு அனுப்பும் எல்லாக் கோப்புகளும் ஒருங்குறியில் இருக்கட்டும். எதையும் பள்ளிக்கு அனுப்புமுன், உண்மையான மாற்றுத்திறனாளி மாணவர்கள் சிலரிடம் கொடுத்துப் பார்த்தீர்களா என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.

ஆய்வகக் கணினிகள் அனைத்திலும் என்விடிஏ-யும் ஒரு தமிழ்க் குரலும் மையமாக நிறுவப்பட வேண்டும், கணினிக்கொரு ஹெட்போனோடு. மாடியில் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் இரண்டு கணினிகளையாவது தரைத்தளத்துக்குக் கொண்டுவர உத்தரவிடுங்கள். சாய்தளமும் மின்தூக்கியும் வரும்வரை அந்தப் பையன் காத்திருக்க முடியாது, அவன் அடுத்த ஆண்டு பள்ளியை விட்டே போய்விடுவான்.

செய்முறைப் பாடத்துக்கு ஒரு மாற்றுச் சோதனைக் கையேடு வேண்டும். பாடநூலில் உள்ள ஒவ்வொரு சோதனைக்கும், பார்க்க முடியாதவர், கேட்க முடியாதவர், கையால் பிடிக்க முடியாதவர் எப்படிச் செய்யலாம், எங்கே உதவியாளர் வேண்டும், பாதுகாப்புக்கு என்ன, மதிப்பெண் எப்படி என்று. எழுதுவதற்கு ஆசிரியர்கள் நாங்கள் தயார். என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணினிவழி மதிப்பீட்டில் கேள்விகளை எட்டும்படி மாற்றும்வரை, இந்தப் பிள்ளைகளின் பெயரில் வரும் மதிப்பெண்களைக் 'கற்றல் அடைவு' அறிக்கையில் சேர்க்காதீர்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அடுத்த சுற்றுப் பயிற்சி தொடங்குவதற்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். அந்தப் பதில் ஒருங்குறியில் இருக்கட்டும். என் மாணவி தானே படித்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்.